சேனை வைக்கிற விரல்

மார்ச் 1, ஞாயிறு

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் வயிறு எரிகிறது.

மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அல்லியின் மாமியார் பேச்சியம்மாள் மைக் பிடிக்காத குறையாக அறிவித்தார்: "பேரப்பிள்ளைக்கு நான்தான் சேனை வைப்பேன். இப்பவே சொல்லிப்புட்டேன், பெறகு யாரும் சடைக்கக் கூடாது."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வந்துவிடும் என்பார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியே தலை நரைத்தவள் நான். குணம் விரல் வழியாகப் போகாது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் கோவில்பட்டிச் சந்தையில் கத்தரிக்காய்க்கு மல்லுக்கட்டுகிற குணம் என் மகள் வயிற்றுப் பிள்ளைக்கு எதற்கு? என் குணம் வரட்டுமே. படிக்கட்டும், சொன்ன நேரத்துக்கு எழுந்திரிக்கட்டும், எவனுக்கும் பயப்படாமல் இருக்கட்டும். பிரசவம் நம் பக்கம்தானே, பார்த்துக்கொள்கிறேன்.

அறிவித்து முடித்த கையோடு அந்த அம்மாள் இருமினார். இருமல் நிற்கவே இல்லை. ஆயிரம் எரிச்சல் இருந்தாலும் மனுஷத்தன்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா. கைப்பையில் இருந்த ஆன்டிபயாட்டிக் அட்டையில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தேன். "எங்க மதினி கைராசிக்காரக" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். இன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை.

அல்லியை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. வளையல் சத்தம் வீடு முழுக்கக் கேட்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

பொதுத்தேர்வு தொடங்கிவிட்டது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் எனக்கு ஹால் சூப்பர்வைசர் வேலை. நான் உள்ளே நுழைந்ததும் கடைசி பெஞ்சில் ஒருத்தி, "போச்சுடி, மங்கையர்க்கரசி" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. சந்தோஷமாக இருந்தது. என் ஹாலில் பிட்டு நடமாடியதாகச் சரித்திரமே கிடையாது.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. வழக்கமான மாத்திரையைப் போட்டேன். எனக்கு அதுதான் கேட்கும். சாயங்காலமே தொண்டை திறந்துவிட்டது, மீதி அட்டையை அல்வா டப்பாவில் போட்டேன். அந்த டப்பாதான் எங்கள் வீட்டு ஆஸ்பத்திரி. யாருக்கு டாக்டர் எது எழுதிக் கொடுத்தாலும், சரியானதும் மிச்சம் அதற்குள் போய்விடும். காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கியா போடுவது?

ஜெசிந்தா டீச்சர் காய்ச்சலோடு டூட்டிக்கு வந்திருந்தாள். அவளுக்கும் கொடுத்தேன். "நீங்க ஏன் டீச்சர் டாக்டருக்குப் படிக்காம விட்டீங்க?" என்றாள். வீட்டுச் சூழ்நிலை என்று சொன்னேன்.

மார்ச் 5, வியாழன்

அல்லிக்கு நீர்க்கடுப்பு. காலையிலிருந்து பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடக்கிறாள்.

"எரியுதும்மா. டாக்டர்கிட்ட ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாம்."

"சூடு பிடிச்சிருக்குடி. மண்டபத்துல அந்த வெக்கைல உக்காந்தா பிடிக்காதா? இதுக்குப் போய் யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா?"

வெந்தயம் ஊறப்போட்டேன். இளநீர் வாங்கிவரச் சொன்னேன். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவினேன். என் வீட்டுக்காரர் சோமசுந்தரம் பேப்பரை மடித்துவிட்டு, "போயிட்டுத்தான் வாங்களேன்" என்றார். அவர் பேசுவதே அபூர்வம். பேசினால் எனக்கு எதிராகத்தான் இருக்கும்.

மார்ச் 6, வெள்ளி

தேர்வு முடிந்து வந்து கூட்டிப்போனேன், போதுமா? டாக்டரம்மா ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சிறுநீரைக் கல்ச்சர் டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். லேபில் சரியான கூட்டம். மாசமான பிள்ளையை எவ்வளவு நேரம் நிற்க வைப்பது? கொடுக்காமலே வந்துவிட்டோம்.

மார்ச் 8, ஞாயிறு

எரிச்சல் நின்றுவிட்டது. மருந்து கேட்டுவிட்டது.

"போதும், நிறுத்திரு" என்று அல்லியிடம் சொன்னேன். மாத்திரை எல்லாமே சூடு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சும்மா விழுங்கக் கூடாது.

"முழுசாப் போடணும்னு சொன்னாங்களேம்மா."

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நோயே போயிருச்சு. இனி அந்த மாத்திரை யாருக்குக் கேக்கணும்?"

மிச்சத்தை டப்பாவில் போட்டேன். மதியம் கீரை மசியலும் அப்பளமும். அல்லி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பார்க்கவே நிறைவாக இருந்தது.

மார்ச் 11, புதன்

பீரோவிலிருந்து வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். அல்லிக்குச் சேனை வைத்த அதே கிண்ணம். பளபளவென்று வந்திருக்கிறது. துணியில் சுற்றி, பிரசவத்துக்குக் கட்டி வைத்திருக்கிற பையின் அடியில் வைத்தேன். கூடவே ஒரு சின்ன டப்பியில் சர்க்கரை. பேச்சியம்மாள் கோவில்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

மார்ச் 14, சனி

அல்லிக்குக் குளிர் காய்ச்சல். போர்வை மேல் போர்வை போட்டும் பல் கிடுகிடுக்கிறது. டப்பாவில் இருந்த அவளுடைய பழைய மாத்திரையையே எடுத்துக் கொடுத்தேன். போன தடவை கேட்டதுதானே.

மார்ச் 15, ஞாயிறு

கேட்கவில்லை.

முதுகு விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்கிறாள். தொட்டால் கத்துகிறாள். கஷாயம் வைத்துக் கொடுத்தேன், அப்படியே வாந்தி எடுத்துவிட்டாள். எனக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் வந்து வாளியை வாங்கி வைத்துவிட்டு, "மங்கை, காருக்குச் சொல்லிட்டேன். மதுரைக்குப் போறோம்" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை.

மார்ச் 16, திங்கள்

மதுரையில் தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் நிலோஃபர் என்று ஒரு அம்மாள். வயது என் அல்லியைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பேச்சு தலைமையாசிரியர் மாதிரி. சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டதாம். இப்படியே விட்டால் ரத்தத்தில் கலந்து தாய்க்கே ஆபத்து, பிள்ளையும் மாதம் நிறைவதற்கு முன்னால் பிறந்துவிடும் என்று நேராகச் சொன்னார்.

"முன்னாடி மருந்து குடுத்தாங்களா? முழுசாப் போட்டாங்களா?"

"எரிச்சல் நின்னதும் இவளே நிறுத்திட்டா டாக்டர். சொன்னாக் கேக்க மாட்டா" என்றேன்.

அல்லி தலையணையில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

"வீட்ல யாராவது அடிக்கடி ஆன்டிபயாட்டிக் போடுற பழக்கம் உண்டா?"

"அப்படியெல்லாம் இல்ல டாக்டர். நாங்க படிச்ச குடும்பம்."

கல்ச்சர் எடுத்திருக்கிறார்கள். கிருமியைத் தட்டில் வளரவிட்டு, ஒவ்வொரு மருந்தாக வைத்து, எதற்குச் சாகிறது என்று பார்ப்பார்கள். அது வளர்ந்து முடிகிறவரை காத்திருக்க வேண்டும். என் மகளைத் தின்கிற கிருமியை ஒருவர் அக்கறையாக வளர்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது.

மார்ச் 17, செவ்வாய்

டூட்டியிலிருந்து விடுவிக்கக் கேட்டேன். ஆள் இல்லை என்றுவிட்டார்கள். அவரும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரியில், நான் இங்கே. இன்று வேதியியல். உட்காரவே இல்லை. வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருந்தேன். நடந்தால்தான் போனைப் பார்க்காமல் இருக்க முடிகிறது.

பறக்கும் படை வந்தது. வந்த அதிகாரி என்னையே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டீச்சர், அந்த எடது கால் செருப்பக் கழட்டுங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கழற்றினேன். அடியில் பபிள் கம். பபிள் கம்மோடு ஒட்டிக்கொண்டு ஒரு மைக்ரோ ஜெராக்ஸ் பிட்டு. எழுத்து எறும்பு மாதிரி, ஆனால் தெளிவாக இருந்தது. எவளோ காலடியில் போட்டிருக்கிறாள், நான் மிதித்திருக்கிறேன்.

"பிள்ளைங்களுக்குப் பிட்டு பாஸ் பண்ணுற சிரமம் கூட வைக்கல நீங்க. ஒவ்வொரு வரிசைக்கும் நீங்களே கொண்டுபோய்க் காட்டியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, சிரிக்க வேறு செய்தார். விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டுதான் போனார்.

என்னையா! என் ஹாலிலா! எவள் போட்டாள் என்று கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

மார்ச் 19, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டர் நிலோஃபர் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"வாய் வழியா குடுக்குற மாத்திரை எதுவும் இந்தக் கிருமிக்குக் கேக்காது. நேத்து வரைக்கும் ஏத்துன ஊசியும் கேக்கல. இதுக்கு மேல ஒரு மருந்து இருக்கு, டிரிப்ல ஏத்தணும். கர்ப்பிணிக்குக் குடுக்கலாம். இன்னைக்கே ஆரம்பிக்கிறோம்."

"அதுவும் கேக்கலன்னா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கேக்கும்னு ரிப்போர்ட் சொல்லுது. அது கேக்குறப்பவே பிழைச்சுக்கணும் சார்."

நான் விடவில்லை. "இந்தக் கிருமி என் பொண்ணுக்கு யார்கிட்ட இருந்து வந்துச்சு? அதச் சொல்லுங்க."

டாக்டர் ஒரு தாளை எடுத்து வரைந்தார். இரண்டு நீள்வட்டம். நடுவில் ஒரு குழல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிற ஒரு குட்டி வளையம். மருந்தைத் தோற்கடிக்கிற ஜீன் அந்த வளையத்தில் இருக்குமாம். ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடுமாம். வேறு இனமாக இருந்தாலும் கொடுக்குமாம்.

"பாக்டீரியா இணைவு. பிளாஸ்மிட்" என்றேன். "அந்தக் குழலக் கொஞ்சம் குட்டையாப் போடணும்."

"நீங்க பயாலஜி டீச்சரா?"

"பாட்டனி."

"அப்ப உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டாம்" என்றார். பாராட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

பிறகும் சொன்னார். இது இன்னார் கொடுத்தது என்று கைகாட்ட முடியாதாம். நல்லா இருக்கிற மனிதர்களின் குடலிலேயே இது சும்மா குடியிருக்குமாம், அவர்களுக்கு ஒரு தொந்தரவும் தராதாம். தேவையில்லாமல் மாத்திரை போடும்போதெல்லாம் சாதுவான கிருமிகள் செத்து, மருந்துக்குக் கேட்காதது மட்டும் மிஞ்சுமாம். மிஞ்சியது மற்றதுக்கும் கற்றுக் கொடுக்குமாம். பிறகு கை வழியாக, தண்ணீர் வழியாக, சாக்கடை வழியாக ஊருக்குள் போகுமாம்.

வருஷா வருஷம் இந்தப் படத்தைக் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். மூன்று மதிப்பெண் வினா. பாகம் குறித்தால் முழு மதிப்பெண். எழுதி முடித்தால் டஸ்டரை எடுத்து அழித்துவிடுவேன்.

கிருமிகளும் பிட்டு பாஸ் பண்ணுகிறதுகள். அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 20, வெள்ளி

யாரோ ஒருத்தர் கொடுக்காமல் வராது. டாக்டர் நாசூக்குக்காக மழுப்புகிறார். உட்கார்ந்து யோசித்தேன். மண்டபத்துப் பாத்ரூமாக இருக்கலாம். மண்டபத்துத் தண்ணீர் டேங்க்காக இருக்கலாம். ஆனால் வளைகாப்பன்று அல்லிக்கு ஊட்டிவிட்டது யார்? கோவில்பட்டியிலிருந்து தூக்கு நிறையக் கோழிக்குழம்பு கொண்டு வந்தது யார்?

போன் போட்டேன். பேச்சியம்மாள் எடுத்ததுமே அழுதுகொண்டுதான் பேசினார். நான் இரக்கப்படவில்லை.

"மதினி, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. உங்க வீட்ல யாரும் அடிக்கடி ஆன்டிபயாட்டிக் மாத்திரை போடுவீங்களா?"

"எங்க போடுறோம் மதினி? காச்சல்னா சுக்கு தட்டிப் போட்டுப் படுத்துக்கிருவோம். மாத்திரைன்னு நான் கடைசியா முழுங்குனது வளைகாப்பன்னைக்கு நீங்க குடுத்ததுதான். அதுவும் நல்லாக் கேட்டுச்சு. மிச்சத்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வயித்தால போகுதுன்னு குடுத்தேன். ஏன் கேக்கீக?"

சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

அல்லிக்கு வலி எடுத்துவிட்டது. இது வலி எடுக்க வேண்டிய மாதம் இல்லை.

மார்ச் 23, திங்கள்

வலியைத் தள்ளிப்போட மருந்து கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையின் நுரையீரல் பலப்பட ஊசியும் போட்டிருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருக்கிறது. டிரிப் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். கேள், கேள், கேள் என்று மனசுக்குள் அந்த மருந்தைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷமாக மருந்து கேட்டதா கேட்டதா என்று மட்டுமே விசாரித்திருக்கிறேன். இப்படிக் கெஞ்சியது இல்லை.

அல்லி கண் விழித்து, "சாப்பிட்டியாம்மா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

மார்ச் 25, புதன்

பெண் பிள்ளை.

அழுதாள். கதவுக்கு வெளியே கேட்டது, பூனைக்குட்டிச் சத்தம் மாதிரி. நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். நர்ஸ் என் கையைத் தாண்டிப் பிள்ளையைக் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். கிண்ணம் பைக்குள்ளேயே இருக்கிறது.

அல்லி பிழைத்துக்கொண்டாள். இதை இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். அல்லி பிழைத்துக்கொண்டாள்.

மார்ச் 28, சனி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை. என் உள்ளங்கை நீளம் கூட முதுகு இல்லை. அல்லி பால் எடுத்துக் கொடுக்கிறாள், அதைக் குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். கிட்டே போகிறவர்கள் எல்லோரும் முழங்கை வரை கழுவுகிறார்கள். வாசலில் டாக்டர் நிலோஃபரை மடக்கினேன்.

"டாக்டர், பிள்ளைக்குச் சேனை வைக்கிறது எங்க வழக்கம். எப்ப வைக்கலாம்?"

"வைக்கவே வேண்டாம். தாய்ப்பால் தவிர ஒண்ணும் வாயில படக் கூடாது. இப்பத்தான் பொறந்த குடல். அதுல மொதல்ல யாரு போய்க் குடியேறுறாங்களோ அவங்க ராஜ்ஜியம்தான். அம்மாகிட்ட இருந்து வர்றது வரட்டும், அத நாங்க கவனிச்சுக்கறோம். மத்தவங்க விரல்ல இருந்து எதுக்கு?"

கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். "என் விரல்லயும் அது இருக்குமா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உங்களுக்கு அது ஒண்ணும் செய்யாது, கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கவலைப்படாதீங்களாம். இந்த அம்மாளுக்குப் பேசவே தெரியவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அலமாரியில் அல்வா டப்பா காலியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறது. அவரிடம் போனில் கேட்டேன்.

"அந்தச் சனியனெல்லாம் எதுக்கு? நேத்து வந்தப்பவே வீட்டு முன்னாடி சாக்கடைல கொட்டிட்டேன்" என்றார்.

"சாக்கடைலயா! ஏங்க, அறிவிருக்கா உங்களுக்கு? அந்தச் சாக்கடை எங்க போகுது? கண்மாய்க்குப் போகுது. அங்க மாடு தண்ணி குடிக்குது, பிள்ளைங்க குளிக்குது. அதுல இருக்குற கிருமிக்கெல்லாம் நாமளே டியூஷன் எடுக்கணுமா? ஆஸ்பத்திரி மருந்துக் கடைல குடுத்திருந்தா அவங்க எரிக்கிறதுக்கு அனுப்புவாங்கல்ல?"

அவர், "இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா மங்கை?" என்று மட்டும் கேட்டார்.

வைத்துவிட்டேன். வாசலில் போய் நின்று பார்த்தேன். சாக்கடை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜெசிந்தா டீச்சர் போன் செய்தாள். பேரப்பிள்ளையை விசாரித்துவிட்டு, காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது, அதே மாத்திரையில் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றாள். இல்லை, டாக்டரைப் போய்ப் பார் என்றேன். "என்ன டீச்சர், நீங்களா இப்படிச் சொல்றீங்க?" என்று சிரிக்கிறாள்.

ஏப்ரல் 4, சனி

இன்று குழாயை எடுத்துவிட்டார்கள். பிள்ளை தானாகவே சப்பிக் குடிக்கிறாள். நான் இன்னும் தொடவில்லை. கழுவிக் கழுவி விரல் நுனி எல்லாம் வெடித்துவிட்டது.

ஏப்ரல் 8, புதன்

பிள்ளையை அல்லி கையில் கொடுத்துவிட்டார்கள். கழுத்து வரை போர்த்தி, முகம் மட்டும் தெரிகிறது. மூக்கு என் வீட்டுக்காரருடையது. மாப்பிள்ளை ஊரெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். பேச்சியம்மாள் கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நான் நினைத்தது சரி, இன்றைக்குச் சேனை வைக்காமல் போகமாட்டார் என்று மனசுக்குள் கச்சை கட்டிக்கொண்டு நின்றேன். வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொல்லித் தடுத்துவிட வேண்டியதுதான்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மதினி, நீங்களே வைங்க. அன்னைக்கு மண்டபத்துல ஏதோ வாய்க்கொழுப்புல பேசிப்புட்டேன். பரீட்சைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைஞ்சு ரெண்டு உசுரையும் மீட்டுக் கொண்டாந்தது நீங்க. உங்க கைராசி அதுக்கு வேணும். உங்க குணம் வரட்டும் எங்க பேத்திக்கு."

தடுப்பதற்கு வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவரே பையைக் குடைந்து கிண்ணத்தை எடுத்தார், சர்க்கரை கரைத்தார், என் கையில் கொடுத்தார். நர்ஸ் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு, "டாக்டர் ரவுண்ட்ஸ் முடிஞ்சிருச்சு. சட்டுனு வச்சுக்கங்க, நான் எதையும் பாக்கல" என்றாள்.

ஒரு துளிதானே என்று தோன்றியது. வெள்ளிக் கிண்ணம். வலது கை மோதிர விரல். சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்து எடுத்தேன். பிள்ளை உடனே வாயைத் திறந்தாள், என்ன வரப்போகிறது என்று தெரியாமலே. உள்ளே நாக்கு சிவப்பாக, சின்னதாக, ஒன்றுமே படாமல் இருந்தது. மார்ச் முதல் தேதியிலிருந்து நான் கேட்டதெல்லாம் இந்த நொடியைத்தான்.

அல்லி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளையை நகர்த்தவும் இல்லை. மாத்திரையை நிறுத்தியது யார் என்ற பேச்சு வந்த அன்றைக்குத் தலையணையிலிருந்து பார்த்தாளே, அதே பார்வை. ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை என்று அன்றைக்கு எழுதியிருக்கிறேன்.

தெரியும்.

விரலை என் வாயிலேயே வைத்துக்கொண்டேன். இனித்தது.

"அய்ய, என்ன மதினி இது! பிள்ளைக்கு வைக்கச் சொன்னா நீங்க சப்புறீங்க?" என்று பேச்சியம்மாள் பதறிவிட்டார்.

"என் குணம் என்னோடயே இருக்கட்டும் மதினி. இவளுக்கு வேண்டாம்" என்றேன். கிண்ணத்துத் தண்ணீரையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். அந்த அம்மாள் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். நல்ல மனுஷி, எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

அல்லி சிரிக்கவில்லை. போர்வையைச் சரிசெய்துகொண்டே, "கையக் கழுவிட்டு வாம்மா. வந்து இவளத் தூக்கு" என்றாள்.

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் நன்றாக அழுதேன். கண்ணைத் துடைத்த கை என்பதால் மறுபடியும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு போய், என் பேத்தியை வாங்கினேன்.